விருத்தாசலத்துக்குக் கார் பந்தயம் வேண்டுதல் – தொடர்பாக

பெறுநர்: உறுப்பினர் செயலர், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை.

பார்வை: சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயம்.

ஐயா,

இந்தியாவின் முதல் இரவுநேரத் தெருப் பந்தயத்தை நடத்திக் காட்டிய தங்கள் ஆணையத்துக்குத் தாமதமாக ஒரு பாராட்டு. எதைப் பாராட்டுவது என்று முடிவுசெய்யத்தான் இத்தனை காலம் ஆயிற்று. கார்களைப் பாராட்டலாமென்றால், டிக்கெட் வாங்கியவர் அவற்றைக் கண்ணால் பார்த்த நேரம் மிகக் கொஞ்சம். கணக்கு எளிது. பாதையின் நீளம் 3.5 கிலோமீட்டர், 19 திருப்பங்கள். சராசரி வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 105 விநாடி. மேடையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு 150 மீட்டர் சாலை எட்டுகிறது என்று தாராளமாகவே வைப்போம். அதைக் கார் கடக்க நாலரை விநாடி. மிச்சம் 100 விநாடியும் அவர் பார்ப்பது காலிச் சாலையையும் சிமெண்ட் தடுப்பையும் கம்பி வலையையும்தான். அரை மணி நேர ஓட்டமென்றால் 17 சுற்று. ஒரு காரை அவர் பார்த்த மொத்த நேரம் ஒன்றேகால் நிமிடம். ஒரு கார் மட்டுமா ஓடுகிறது என்று கேட்பீர்கள். பல ஓடுகின்றன, ஆனால் கும்பலாக வந்து கும்பலாகப் போய்விடுகின்றன. எந்தத் திருப்பத்தில் யார் யாரை முந்தினார் என்பதைப் பெரிய திரையைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். (அதே படம் வீட்டுத் தொலைக்காட்சியிலும் வருகிறது, காதடைக்காமல்.) இது சென்னையின் குற்றமல்ல. மொனாக்கோ தெருப் பந்தயத்தைச் சொந்தப் படகில் சாய்ந்துகொண்டு பார்க்கும் கோடீசுவரருக்கும் ஒரு சுற்றுக்குச் சில விநாடிதான் படியளக்கப்படுகிறது.

ஆகவே அந்த இரண்டு நாளில் காணக்கிடைத்த உண்மையான வேகம் கார்களுடையது அல்ல, அரசாங்கத்தினுடையது என்பதே என் துணிபு. ஆதாரம் தருகிறேன். 2023 டிசம்பர் 9, 10இல் நடந்திருக்க வேண்டிய பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. ஊரே தண்ணீரில் நின்ற அந்த டிசம்பர் கழிந்து எட்டாவது மாதத்தில் கொடிமரச் சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் எல்லாம் பந்தயப் பாதையாகிவிட்டன. தார் மழமழவென்று இருந்தது. இரவைப் பகலாக்கும் விளக்குகள் நின்றன. மின்சாரம் சொன்னபடி கேட்டது. சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பாதுகாப்புச் சான்றிதழைப் பந்தயத்தின் முதல் நாள் நண்பகலுக்குள் வாங்கிவிட வேண்டும் என்றது உயர்நீதிமன்றம். மழை குறுக்கிட்டதால் கெடுவை இரவு 8 மணிவரை நீட்டித்தது. சான்றிதழ் வந்தது. மழை பெய்த ஒரு சனிக்கிழமையில், ஒரே நாளில், ஒரு சான்றிதழ்! வாரிசுச் சான்றிதழுக்கு நடையாய் நடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அந்தக் காட்சிக்குத் தனியாக டிக்கெட் போட்டிருந்தால் மேடை நிரம்பி வழிந்திருக்கும். அதை விற்காமல் கார் ஓட்டத்தை விற்றதுதான் ஆணையம் செய்த ஒரே வணிகப் பிழை.

இந்த இரண்டு முடிவுகளிலிருந்து எங்கள் கோரிக்கை தானாகப் பிறக்கிறது. ஓர் இடம் பந்தயப் பாதை என்று அறிவிக்கப்பட்டால் அங்கே சாலையும் வெளிச்சமும் மின்சாரமும் சான்றிதழும் தேடி வருகின்றன. விருத்தாசலத்துக்கு இவை நான்கும் தேவை. எனவே அடுத்த பந்தயத்தை இங்கே வையுங்கள். ஜங்ஷன் சாலையில் புறப்பட்டு, பாலக்கரையில் வளைந்து, மணிமுத்தாற்றுப் பாலத்தைத் தாண்டி, பீங்கான் தொழிற்பேட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரட்டும். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த ஊர் இது. ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை என்று சுட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஜாடியின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. பீங்கான் ஃபியூஸ் கட்டையைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு எம்.சி.பி. மாட்டுகிறார்கள். குஜராத்தின் மோர்பியில் குழாய்வழி எரிவாயுவில் ராட்சதச் சூளைகள் ஓடுகின்றன; அவர்களோடு சின்னப் பட்டறைக்காரர் விலையில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் தொழில் துறைக்கு மனுவாக எழுதலாமே என்பீர்கள். மனுவுக்குக் கெடு வைக்க யாருமில்லை, ஐயா. பந்தயத்துக்குத்தான் நண்பகல், இரவு 8 மணி என்று கெடு வைக்கிறார்கள்.

பீங்கானுக்கும் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கோப்பில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். பந்தயக் காரின் எஞ்சினைத் திறந்து ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு சிறு குழல் இருக்கும். அது அலுமினா, ஏறத்தாழ 1,600 டிகிரியில் சுட்ட பீங்கான். பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் வழிதவறிப் பாயாமல் அது தடுத்துக்கொண்டிருப்பதால்தான் கார் கிளம்புகிறது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டயப் படிப்பு நடத்தும் அரசு நிறுவனம் இங்கே இருக்கிறது. அதில் படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்குக் காரின் எந்தப் பாகம் தங்களுடையது என்று தெரியும். அதைச் செய்யும் வேலைதான் ஊருக்குள் இல்லை.

இன்னொரு மறுப்பு சற்று வலுவானது. பந்தயம் இளைஞர்களை வளர்க்கிறது, நரேன் கார்த்திகேயன்கள் உருவாக வேண்டாமா என்பது. உருவாகத்தான் வேண்டும். ஆனால் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான அந்தக் கோயம்புத்தூர்க்காரர் தெருப் பந்தயத்தின் விளைச்சல் அல்லர். கரிவரதன் போன்றவர்கள் கைக்காசு போட்டுக் கார் கட்டிய ஊரின் பழக்கம் வளர்த்த பிள்ளை அவர். சென்னையிலும் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டு பந்தயம் நடந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதையே போட்டார்கள். கோவைக்குக் கரி ஸ்பீட்வே இருக்கிறது. ஓட்டுநரை வளர்ப்பதுதான் நோக்கமென்றால் இந்த இரண்டு பாதைகளும் தயார். நகரத்துக்கு நடுவே நடத்தினால் சுற்றுலா வளரும் என்பது அடுத்த வாதம். ஹைதராபாதில் 2023 பிப்ரவரியில் மின்கார்ப் பந்தயமான ஃபார்முலா ஈ ஓடியது. ஆட்சி மாறியதும் அடுத்த ஆண்டுப் பந்தயம் ரத்தானது. கிரேட்டர் நொய்டாவிலோ 5 கிலோமீட்டருக்கு மேல் நீளமான புத்தம்புதுப் பாதை. 2011 முதல் 2013 வரை மூன்றே ஃபார்முலா ஒன் பந்தயம், மூன்றிலும் வெட்டல் என்ற ஒரே ஓட்டுநர்தான் முதல். பிறகு வரித் தகராறு, அமைதி. பந்தயம் நிலைக்கும் என்று எந்த ஊரும் நம்பிவிட முடியாது. ஆனால் போட்ட சாலை நிற்கும், இழுத்த மின்கம்பி நிற்கும். நாங்கள் கேட்பது அந்த மிச்சத்தைத்தான். சென்னைப் பந்தயம் தொடர்பாக நீதிமன்றத்தில் 42 கோடி ரூபாய்ச் செலவு என்றொரு எண் அடிபட்டது. அது யார் தலையில் விடிய வேண்டும் என்பது வக்கீல்கள் பாடு. அதில் ஒரு சிறு பங்கு எங்கள் பக்கம் வந்தாலே போதும், காருக்குப் பதில் டிராக்டரை ஓடவிட்டாலும் கைதட்டுகிறோம். நொய்டாவின் முதல் பயிற்சி ஓட்டத்தையே ஒரு நாய் குறுக்கே ஓடி நிறுத்தியது. அந்த வசதியும் எங்கள் தெருக்களில் குறைவில்லாமல் உண்டு.

பார்வையாளர்களைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். நாலரை விநாடிக்காக 100 விநாடி காத்திருக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ரயில் சந்திப்பு ஊர்க்காரர்களுக்கு அது பிறவியிலேயே உண்டு. பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் முருகனுக்கே எழுத்துமூலம் பிராது கட்டுகிறோம். மனுதாரர் ஊர் எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தக்கபடி படிப்பணமும் கட்டுகிறோம். காரியம் முடிந்தால் பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்ற ஒழுங்குகூட அங்கே உண்டு. ஆணையத்திலும் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் தெரிவிக்கவும், சென்னைவரை 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும், சேர்த்துக் கட்டிவிடுகிறோம்.

தேதி விஷயத்தில் மட்டும் ஒரு வேண்டுகோள். டிசம்பர் வேண்டாம், 2011இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட மாதம் அது. வேறு எந்த மாதமென்றாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்ன பிறகு மாற்றாதீர்கள். சூளையில் சரக்கை அடுக்கி நெருப்பு வைத்துவிட்டால் யார் கொடியசைத்தாலும் பாதியில் நிறுத்த முடியாது.

இப்படிக்கு,
விருத்தாசலத்துப் பார்வையாளன்

நகல்: தொழில் துறைக்கு, தகவலுக்காக மட்டும்.