தொட்டிமீன் விகாரவியல்

நோயுற்ற மீன் நாடி கொடுக்காது. நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் வாயைத் திறந்து திறந்து மூடும். அதை நோயில்லாத மீனும்தான் செய்கிறது. ஆகவே நோயை நோயாளியிடம் கேட்டறியும் வழக்கம் இத்துறையில் இல்லை. கடைக்காரரிடம் கேட்டறிவதே மரபு. சென்னைவாசிகளுக்கு அதற்கென்றே கொளத்தூர் இருக்கிறது. ஒரே மோலியின் ஒரே படத்தைச் செல்போனில் அங்கே மூன்று கடைகளில் காட்டினேன். முதல் கடையில் ‘ஃபங்கஸ் சார்’ என்றார்கள். இரண்டாவதில் ‘பாக்டீரியா’. மூன்றாவது கடைத் தம்பி படத்தைப் பார்க்காமலேயே ஒரு நீலப் புட்டியைக் கையில் கொடுத்து, ‘எதுவா இருந்தாலும் இதுக்குக் கேக்கும்ணே’ என்றான். மூன்று புட்டிகளோடு வீடு திரும்பிய அன்றுதான் இத்துறைக்கு ஓர் இலக்கணம் வேண்டும் என்று பட்டது.

இலக்கணத்தைப் புதிதாக யாக்க வேண்டியதில்லை. சொல்லோடு சொல் சேரும்போது ஒன்றும் மாறாவிட்டால் இயல்பு, மாறினால் விகாரம் என்று நன்னூலில் வகுத்து வைத்திருக்கிறார் பவணந்தி முனிவர். விகாரம் மூன்று. வாழைப்பழத்தில் ‘ப்’ முளைப்பது தோன்றல். பொன் குடத்தோடு சேர்ந்து பொற்குடம் ஆவது திரிதல். மரவேரில் ‘ம்’ காணாமல் போவது கெடுதல். மீனுக்கு வருவதும் இவ்வளவுதான். இல்லாத ஒன்று உடம்பில் முளைக்கும், இருக்கிற ஒன்று உருமாறும், அல்லது இருந்தது தேய்ந்து போகும். முனிவர் மீன் வளர்த்ததற்குச் சான்றில்லை. வளர்த்திருந்தாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

இயல்பை முதலில் வைத்தது காரணத்தோடுதான். வயிறு உப்பிய கருப்பு மோலி ஒன்றைப் பார்த்து, இது நீர்க்கோவை என்று தீர்ப்பெழுதி, தனியாக ஒரு வாளியில் விட்டுப் பேதி உப்பு கலந்து இராப் பட்டினி போட்டேன். விடிந்து பார்த்தால் வாளியில் 27 மோலிகள். அம்மா எட்டிப் பார்த்தார். ‘ஏண்டா, பிள்ளைத்தாச்சிக்கா பேதிக்குக் குடுத்தே?’ என்றார். மோலியும் கப்பியும் குட்டி போடும் இனம். ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை அந்த வயிறு அப்படித்தான் இருக்கும். நீர்க்கோவைக்கும் கர்ப்பத்துக்கும் வேறுபாடு காண மேலிருந்து பார்க்க வேண்டும். செதில்கள் படிந்திருந்தால் கர்ப்பம். அன்னாசிப்பழத் தோல்போலச் சிலிர்த்து நின்றால் நோய்.

இயல்பின் உட்பிரிவுகள் இன்னும் உண்டு. அதிகாலையில் விளக்கைப் போட்டால் நியான் டெட்ரா வெளிறிக் கிடக்கும். சற்று நேரத்தில் நிறம் தானாக ஏறும். ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். செவுளுக்கு மேல் அதற்கென்று தனி உறுப்பே இருக்கிறது. அது கட்டும் நுரைக்கூட்டை அழுக்கென்று வழித்தெடுப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். கிளவுன் லோச் என்ற மீன் ஒருக்களித்துப் படுத்து உறங்கும். செத்துவிட்டதென்று வலையை விட்டால் எழுந்து ஓடும். இவற்றுக்கெல்லாம் மருந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

இனித் தோன்றல். இதில் தலைமை வெள்ளைப்புள்ளி நோய்க்கு. ரவையைத் தூவியதுபோல் உடம்பெங்கும் புள்ளி. மீன் கல்லிலும் செடியிலும் முதுகைத் தேய்த்துக்கொண்டு பாயும். காரணமான ஓரணு உயிர்க்கு 1876இல் ஃபூக்கே என்பவர் இட்ட பெயர் இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலீஸ். முன்பாதி கிரேக்கத்தில் மீன்பேன். பின்பாதி லத்தீனில் பிள்ளைகள் பலவுடையது. அறிவியல் பெயர்களில் இவ்வளவு ஒளிவுமறைவில்லாத பெயர் அபூர்வம். புள்ளியாகத் தெரிவது தோலுக்கடியில் குடியிருந்து தின்று கொழுக்கும் பருவம். கொழுத்ததும் உதிர்ந்து, மணலில் ஒட்டி, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும். தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தும்போது மட்டும்தான் பிடிபடும்.

இந்த ஒரு செய்தி தெரியாததால் வரும் நாடகம் வீட்டுக்கு வீடு ஒன்றுதான். மருந்து விட்ட மூன்றாம் நாள் புள்ளிகள் மறையும். பாயசம் வைக்காத குறையாக மருந்தை நிறுத்துவார்கள். மறைந்த புள்ளி செத்ததில்லை, பிள்ளை பெறப் போயிருக்கிறது. அது குடும்பத்தோடு திரும்பும்போது கடைக்காரரைத் திட்டுவார்கள். தண்ணீரின் சூட்டை 30 பாகைக்கு ஏற்றினால் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடியும். கூடவே லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு. கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு வாரம் விடாமல் தொடர வேண்டும். சென்னையில் ஹீட்டர் என்பது மார்கழிச் சமாசாரம். சித்திரையில் தொட்டி தானாகவே 30ஐத் தாண்டும்.

தோன்றலில் இன்னொன்றை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இருட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஃபைட்டரின் முதுகில் பொன்துகள் மின்னும். அழகாக இருக்கும். வெல்வெட் என்று பெயர். பொன் பூசிய மீன் என்று நாம் ரசித்துக்கொண்டிருக்கும்போதே அதன் செவுள் அடைபடும். அந்த ஒட்டுண்ணிக்குப் பச்சையமும் உண்டு, வெளிச்சத்தில் சமைத்துக்கொள்ளும். அதனால் வைத்தியத்தில் பாதி, தொட்டியின்மேல் போர்வையைப் போர்த்துவது. நங்கூரப்புழுவும் கப்பியின் பின்புறத்தில் தொங்கும் சிவப்பு நூற்புழுவும் தோன்றல் வகைதான். பெயரைச் சொன்னாலே தெரியும் என்பதால் விரிக்கவில்லை.

திரிதலில்தான் புலவன் வழுக்குவான்; நான் வழுக்கினேன். இலக்கணத்தில் போலி என்று ஒன்று உண்டு, ஓரெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்வது. தொட்டியில் அதற்கு உதாரணம் காலம்னாரிஸ். வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோல் வெளுக்கும். முதுகில் சேணம் போட்டதுபோல் ஒரு வெளிறல். பார்த்தால் பூஞ்சை, உள்ளே பாக்டீரியா. உண்மையான பூஞ்சை என்று நாம் நம்பும் சாப்ரோலெக்னியாவும் தாவரவியலார் கணக்கில் பூஞ்சை இல்லை, நீர்ப்பாசிகளுக்கு உறவான வேறொரு குலம். போலிக்குப் போலி.

ஒன்பது கப்பிகளின் வாயில் வெள்ளை கண்டேன். வெள்ளை என்றால் வெள்ளைப்புள்ளி, வெள்ளைப்புள்ளி என்றால் சூடு என்று, மேலே நானே எழுதிய விதியின்படி ஹீட்டரை 30இல் வைத்துவிட்டு அலுவலகம் போனேன். காலம்னாரிஸுக்குச் சூடு விருந்து. மாலையில் ஐந்து மிதந்தன. மறுநாள் காலை மீதி நான்கு. புள்ளி என்றால் விளிம்பு தெளிவாக, உப்புக்கல் அளவில் இருக்கும்; இது கலைந்த புகைபோல இருந்தது. அந்த வேறுபாட்டைப் பார்க்க எனக்குக் கண் இருந்தது, பொறுமை இல்லை. காலம்னாரிஸ் என்றால் சூட்டைக் குறைத்து, காற்றைக் கூட்டி, பாக்டீரியாவுக்கான மருந்தை அன்றே தொடங்க வேண்டும்.

நீர்க்கோவை ஆகுபெயர். அது நோயின் பெயரே இல்லை, விளைவின் பெயர் நோய்க்கு ஆகி வந்தது. நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர்தான் செவுள் வழியே ஓயாமல் அதற்குள் புகுந்துகொண்டிருக்கும், சிறுநீரகம் இறைத்துக்கொட்டிக்கொண்டே இருக்கும். இறைக்கும் மோட்டார் நின்றால் மீன் ஊதும். செதில் சிலிர்த்த பிறகு பிழைத்ததை நான் பார்க்கவில்லை. தலைகீழாக மிதக்கும் கோல்டு மீன் வேறு கதை. உருண்டையாக வளர்த்தெடுத்த இனங்களுக்குக் குடலும் காற்றுப்பையும் இடத்துக்கு அடித்துக்கொள்ளும். இரண்டு நாள் பட்டினி, பிறகு தோலுரித்து வேகவைத்த பட்டாணி. அநேகமாக நிமிர்ந்துவிடும்.

கெடுதலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதில் நம்மால் செய்யக்கூடியது குறைவு. துடுப்பு அரிப்பு தண்ணீரைச் சுத்தமாக வைத்தாலே பெரும்பாலும் நின்று, கண்ணாடிபோல் புதுத் துடுப்பு வளரும். நியான் டெட்ராவின் சிவப்புக்கோடு இடையில் விட்டுவிட்டு வெளுத்து, விளக்குப் போட்டும் திரும்பாவிட்டால் அதற்கு மருந்தில்லை, பிரித்துவிடுவதுதான் வழி. தின்றும் முதுகு வளைந்து மெலியும் மீனுக்குக் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி இருக்கலாம். கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டிக்குள் கைவிட்டால் அது நம் தோலிலும் ஆறாத கட்டியாக வரும். மீன் நோயியலில் உரிமையாளரும் நோயாளி ஆகும் இடம் இது.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. இலக்கணத்தில் தொகை என்று ஒன்று இருக்கிறது. உருபு மறைந்து நிற்கும், பொருளை நடத்துவது அதுதான். தொட்டியில் மறைந்து நிற்கும் உருபு தண்ணீர். மீன் செவுள் வழியே அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டு குடித்தனங்களும் பில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை தொட்டி வாங்கி, அன்று மாலையே பிள்ளைகள் கேட்டார்கள் என்று 20 மீன் விடுபவருக்குத் தண்ணீர் பளிங்குபோல் தெரியும். மீனுக்கு அது கழிப்பறை. பத்தாம் நாள் மேலே வந்து மூச்சு வாங்கும், செவுள் சிவக்கும், ஒன்றொன்றாகப் போகும். போகிற போக்கில் பலவீனமான உடம்பில் புள்ளியும் வெள்ளையும் ஏறும். நாம் அந்தப் புள்ளிக்கு மருந்து வாங்கப் போவோம்.

ஆயுத பூஜைக்குத் தொட்டியைக் கழுவுவோர் ஒரு தனி வகை. ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, வெள்ளைவெளேரென்று ஆகும்வரை பிழிந்து, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். குழாய்த் தண்ணீர்க் குளோரின் அந்த இரண்டு குடித்தனங்களையும் காலிசெய்துவிடும். விஜயதசமி அன்று தொட்டி மறுபடி முதல்நாள் தொட்டி. ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளி எடுத்து அலசினால் போதும். குளோரினுக்கு ஓர் இராத்திரி காற்றோட்டத்தில் வைத்த தண்ணீரோ, கடையில் விற்கும் தயோசல்பேட் சொட்டோ.

மின்வெட்டும் இந்தத் தொகையில் சேரும். 20 பாகைத் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 பாகையில் ஏழரைதான். கோடையில் மோட்டார் நின்றால் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயை வைத்துக் கூட்டுப் பிரார்த்தனை செய்யும். ஒரு மீன் மட்டும் அப்படிச் செய்தால் நோய். எல்லாம் சேர்ந்து செய்தால் தண்ணீர். என் மொத்த ஆய்விலும் உருப்படியான ஒரு சூத்திரம் தேடினால் இதுதான் கிடைக்கும்.

மருந்தின் அளவைக் கணக்கிடுவதில் கூட வகைகள் உண்டு. ‘மூடி’ என்போர், ‘குத்துமதிப்பு’ என்போர், ‘சீக்கிரம் குணமாகட்டுமே’ என்று இரண்டு பங்கு விடுவோர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 56 லிட்டர் என்று கணக்கு சொல்லும். மணல், கல், பொம்மைக் கப்பல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக 45 தேறினால் அதிகம். பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாம் விடும் மருந்தை அது குடித்துத் தீர்த்துவிடும். அந்த நீலப் புட்டி மெத்திலீன் ப்ளூ. தனிப் பாத்திரத்தில் விட வேண்டியது. நான் தொட்டியிலேயே ஊற்றினேன். மூலைகளில் பூசிய சிலிக்கான் இன்றைக்கும் நீலமாக இருக்கிறது.

நோயறிதலில் கடைசி வகை வாஸ்து. அரோவானா செத்தால் வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்பார்கள். மேல்வீட்டுக்காரர் ஒருவருக்கு அப்படி இரண்டு கண்டங்கள் கழிந்துவிட்டன. அம்மோனியா பார்த்தீர்களா என்று கேட்டேன். ‘அதெல்லாம் நமக்கு வேண்டாம் சார், நல்லது நடந்தா சரி’ என்றார். மறுக்க முடியாத நோயறிதல். மருந்துச் செலவும் இல்லை. மூன்றாவது வாங்கிவிட்டார்.

நேற்றிரவு என் ஏஞ்சல் மீன் மூலையில் ஒதுங்கி நின்றது. தீனி போட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. உடம்பில் தோன்றலும் இல்லை, திரிதலும் இல்லை, கெடுதலும் இல்லை. மூன்று புட்டிகளும் அலமாரியில் நின்றன. கை அந்தப் பக்கம் போனது. திருப்பிக்கொண்டு சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். சொட்டு விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து, அட்டையோடு வைத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. எனக்கு மஞ்சளாகத்தான் தெரிந்தது. அம்மாவிடம் நீட்டினேன். போன வருடம் கண்புரை எடுத்துக்கொண்டவர், நிறத்தை என்னைவிட நன்றாகப் பார்ப்பார். குழாயை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

‘பச்சைடா’ என்றார்.

வாளியை எடுத்தேன்.