சிக்ஸ் பேக்கில் பாதி இருட்டு

உடம்பை ஏற்றுவது ஜிம்மில். அதைக் காட்டுவது ஸ்டூடியோவில். முன்னதற்கு வருஷக்கணக்கு ஆகும், பின்னதற்கு ஒரு விளக்கை நகர்த்தினால் போதும். நேரெதிரே வைத்த விளக்கு மேடு பள்ளத்தை எல்லாம் சமன் செய்து, ஆணழகனையும் அரிசி மூட்டையாக்கிவிடும். அதையே பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் வைத்தால் ஒவ்வொரு தசைக்கும் கீழே ஒரு நிழல். சிக்ஸ் பேக் என்று நாம் வாய் பிளப்பதில் பாதி வெறும் இருட்டுதான். முதுகுப் பக்கம் இரண்டு விளக்கு, கறுப்புத் திரை, மேலே எண்ணெய், படமெடுக்குமுன் அவசரமாக நாலு தண்டால். (மூச்சை உள்ளிழுக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

இந்த வித்தை பழசு. 1894-இல் யூஜின் சாண்டோ என்ற பலசாலியை எடிசனின் ஆட்கள் நியூ ஜெர்சியில் படம் பிடித்தபோதே பின்னணி கறுப்புதான். அந்த ஸ்டூடியோவின் கூரை திறந்து வெயிலை உள்ளே விடும்; சூரியன் நகர்ந்தால் கட்டடத்தையே வட்டத் தண்டவாளத்தில் திருப்பலாம். பலசாலி நின்ற இடத்தில் நிற்க, வேலை பார்த்தது கட்டடம்!

'முன்', 'பின்' என்று இரண்டு படம் போட்டுப் புரோட்டீன் பவுடர் விற்கிறார்களே, அடுத்த தடவை உடம்பைப் பார்க்குமுன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.