நிலைப்பலகையும் வருபலகையும்: ஆரல்வாய்மொழித் தரைப் புணர்ச்சி குறித்து ஓர் ஆய்வு

தரைப்பலகைகள் பற்றிய ஆய்வுலகில் பெரியதோர் இடைவெளி நிலவுவதாக ஆரல்வாய்மொழி ஆய்வாளர் ஒருவர் கண்டறிந்திருக்கிறார். அதன் அகலம் 10 மில்லிமீட்டர். பசை தடவாமல், ஆணி அடிக்காமல், ஒன்றோடொன்று பூட்டிப் போடும் லேமினேட் பலகைகளுக்கு நான்கு சுவரோரமும் ஏறக்குறைய அவ்வளவு இடம் விட வேண்டும். உள்ளே இருப்பது இறுக்கி அழுத்திய மரநார். ஈரம் குடித்தால் உப்பும். உப்புவதற்கு இடம் வேண்டுமல்லவா? முனைவர் பட்ட ஆய்வேடுகளின் முதல் இயலில் சுட்டப்படும் இடைவெளிகளும் இதே நோக்கத்துக்காகவே விடப்படுகின்றன என்பது ஆய்வாளரின் துணிபு.

களம், குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் ஒரு வீடு. ஆய்வு நெறி கருதி வீட்டுக்காரர் பெயர் மறைக்கப்படுகிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். பலகைக் கட்டுகள் வந்திறங்கி 48 மணி நேரம் அறைக்குள்ளேயே படுத்துக் கிடந்தன. ஊர்க் காற்று பழக வேண்டுமாம். பிறகு அடியில் மெல்லிய ஃபோம் விரித்தார்கள். வேலைக்கு வந்த தம்பி முதல் பலகையைக் கிடத்தினான். இரண்டாவதைச் சற்றே சாய்த்துப் பிடித்து, அதன் நாக்கை முதல் பலகையின் வாய்க்குள் நுழைத்து அமுக்கினான். ‘க்ளக்.’ அவ்வளவுதான்.

“பசை வய்க்காம எப்பிடி மக்கா நிக்கும்? ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாவ” என்றார் வீட்டுப் பாட்டி.

“நாக்கு வாய்க்குள்ள பூட்டிக்கிடும் பாட்டி.”

“நாக்கு எப்பம்டே வாய்க்குள்ள அடங்கியிருக்கு?” (வாய்மொழித் தரவு 1, காப்பிக்கு முன்.)

பாட்டியின் ஐயத்தை எளிதில் தள்ள முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் கணவாயில் இருக்கும் ஊர் இது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்து வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. பக்கத்து முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளின் திறன் சுமார் 1,500 மெகாவாட். அம்மி பறந்ததற்கு மட்டும் ஆவணம் கிடைக்கவில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். லேமினேட் தரை 1970களில் சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனத்தில் பிறந்தது. அன்றைக்கு அதற்குப் பசை வேண்டியிருந்தது. 1990களின் நடுவில் சுவீடனின் வேலிங்கேயும் பெல்ஜியத்தின் யூனிலினும் விளிம்பையே பூட்டாக வார்க்கும் வழியைக் கண்டன. யூனிலினின் ‘யூனிக்ளிக்’ 1997இல் வந்தது. ஒட்டாமல் நிற்கும் பலகைக்காக இரு தரப்பும் நீதிமன்றங்களில் காப்புரிமை வழக்குகளோடு ஒட்டிக்கொண்டு நின்றது தனி வரலாறு.

ஐரோப்பியருக்கு இந்தப் பெருமையைத் தர ஆய்வாளர் மறுக்கிறார். நாஞ்சில் நாட்டுப் பழைய கடைகளின் நிரைப்பலகைகள் என்ன? காலையில் ஒவ்வொன்றாக உருவி எடுத்து, இரவில் எண் பார்த்துக் காடியில் மறுபடி சொருகியவைதானே? எந்தச் செட்டியார் பசை வாங்கினார்? நெல் போட்டு வைத்த பத்தாயமும் பலகைக்குள் பலகை பூட்டியதே. இவையெல்லாம் சில்லறைச் சான்றுகள். பெருஞ்சான்று ஊர்ப் பெயரில் இருக்கிறது.

‘ஆரல்’ மதில் என்பார் ஒரு சாரார். மீன் என்பார் மற்றொரு சாரார். கார்த்திகை விண்மீன் என்பாரும் உண்டு. கருத்தரங்கு மதியச் சாப்பாட்டில் மீன் இல்லாமையாலும், விண்மீன் பகலில் தெரியாமையாலும் மதில் என்பதே கொள்ளப்படுகிறது. ‘வாய்’ என்பது பலகை விளிம்பின் பள்ளம். ‘மொழி’? கரும்பின் கணு மொழி. விரலின் மூட்டும் மொழி. ஆகவே ஆரல்வாய்மொழி என்பது ‘சுவரோரம் வரை வாய் வைத்து மூட்டியது’ என்று பொருள்படும். சுவீடனில் இப்படிப் பெயருள்ள ஊர் ஒன்றையாவது காட்டட்டும்.

இதோடு ஆய்வாளர் நிறுத்தியிருக்கலாம். நன்னூலை எடுத்துவிட்டார். கிடக்கும் பலகை நிலைமொழி, வந்து சேரும் பலகை வருமொழி, பூட்டுதல் புணர்ச்சி. பசையில்லாமல் சேர்வதால் இயல்புப் புணர்ச்சி. விகாரமும் உண்டு: மழைக்காலத்தில் நடுவறையில் மேடு எழும்பினால் தோன்றல், பலகை வளைந்தால் திரிதல், சுத்தியலால் ஓங்கி அடித்து நாக்கு ஒடிந்தால் கெடுதல். வேறு வேறு லாட் பெட்டிகள் கலந்து நிறம் மாறினால் வேற்றுமைப் புணர்ச்சி. தலைகீழாகப் பூட்டினால் அல்வழி. (விரிவுக்குக் காண்க: ஆய்வாளரின் வெளிவராத ‘பலகையியல்’, எழுதப்படாத மூன்றாம் தொகுதி, பிழைதிருத்தம், அத்திருத்தத்தின் திருத்தம், பக்க எண் பின்னர் அறிவிக்கப்படும்.)

படையியல் சான்றும் இருக்கிறது. பூட்டிய பலகையை நேராக இழுத்தால் வராது. ஒரு பக்கம் சாய்த்துத் தூக்கினால் வந்துவிடும். 1809 பிப்ரவரியில் திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாயின் படையை எதிர்த்து வந்த கிழக்கிந்தியக் கும்பினியார், கணவாயை அடைத்து நின்ற ஆரல்வாய்மொழி அரணை நேரே முட்டித் திறக்கவில்லை. இரவில் ஒரு படைப்பிரிவு தெற்கு மலைச்சரிவில் ஏறிப் பக்கவாட்டில் வந்தது, அரண் கழன்றது. அந்தப் படையில் ஆசாரி எவரும் இருந்தாரா என்று ஆய்வாளர் இன்னும் தேடுகிறார்.

தரைக்கும் ஒட்டாமல் சுவருக்கும் ஒட்டாமல் கிடப்பதால் இதை மிதக்கும் தரை என்பார்கள். குமரி மாவட்டத்துக்கு இதில் முன் அனுபவம் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. இத்தனை பெரிய மிதக்கும் தரை வேறெங்கே? சுண்ணாம்பும் சுட்ட சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் கலந்தது என்று சொல்லப்படும் அதன் கறுப்புத் தளம் இன்றும் முகம் காட்டுகிறது. லேமினேட் தரையில் முகம் தெரிவதில்லை. தேக்கு மரத்தின் போட்டோ தெரிகிறது. தாளில் அச்சடித்ததுதான் அந்த ரேகை.

மிதக்கும் தரையில் நடக்கையில் எழும் ஒலி மூவகை: டொக், க்ரீச், மருமகள்.

“வெள்ளம் கோரி ஒழிச்சுக் கழுவப்பிடாதோ?” என்று கடைசியில் கேட்டார் பாட்டி. (வாய்மொழித் தரவு 2, காப்பிக்குப் பின், டம்ளரைத் தரையில் வைத்தபடி.) லேமினேட்டில் கூடாது, பிழிந்த துணியால் துடைக்கலாம். தண்ணீருக்கு அஞ்சாத வகை எஸ்பிசி. சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் சேர்ந்தது அது. கல்லும் பிளாஸ்டிக்கும் கலந்ததை மரத்தரை என்று விற்பது எவ்வகை ஆகுபெயர் என்பது அடுத்த கட்டுரையில் ஆராயப்படும்.

சுவரோர இடைவெளியில் இதுவரை விழுந்தவை: கடுகு, ஒரு கம்மல் திருகு, ஓர் ஐந்து ரூபாய் நாணயம். ஆரல் என்பது மீனே என்று இன்னமும் வாதிடுவோர் தங்கள் மறுப்புரையை 48 மணி நேரம் அறையில் படுக்கப் போட்டுவிட்டு, அப்புறம் அனுப்பி வைக்கலாம்.