உப்பு டப்பா எங்கே?

கேள்வி: போட்டோஷாப்பில் பழகிய கைக்கு, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் பிடிபடவே மாட்டேன் என்கிறதே?

பதில்: புகுந்த வீட்டு அடுப்படியில் உப்பு டப்பாவைத் தேடும் புதுப்பெண்ணின் நிலை உங்களுக்கு! உப்பு இருக்கிறது, இடம்தான் வேறு. படத்தை நகர்த்த அங்கே 'வி' தட்டினீர்கள், இங்கே 'எம்'.

ஜிம்ப் திறமூல மென்பொருள். டப்பாக்களை இடம் மாற்றி வைக்க மாமியாரிடம் அனுமதி கேட்க வேண்டாம். குறுக்குவிசைகளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். மொத்தமாகப் போட்டோஷாப் போலவே மாற்ற, பிரேசில்காரர்கள் உருவாக்கிய 'போட்டோஜிம்ப்' இருக்கிறது; அதுவும் இலவசம். தனித்தனியாகச் சிதறும் ஜன்னல்களை ஒன்றாக்கும் வசதி 2012-இல், 2.8 பதிப்பிலேயே வந்துவிட்டது.

கொஞ்ச நாள் புழங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டே உப்பை எடுப்பீர்கள். சமையலும் ருசிக்கும், பர்ஸும் கரையாது!