சுரண்டாமல் போட்ட ரோடு

எங்கள் வீட்டுக்கு 1989-இல் கிரகப்பிரவேசம் நடந்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே நுழைந்தோம். இன்று இரண்டு படி இறங்கி நுழைகிறோம். வீடு ஓரங்குலம்கூடத் தாழவில்லை. வளர்ந்தது தெரு. சென்னைப் புறநகரில் பிள்ளைகள் வயதுக்கு ஏற்ப வளர்கிறார்கள், தெருக்கள் தேர்தலுக்கு ஏற்ப வளர்கின்றன. முன்பெல்லாம் ஜன்னல் வழியே பார்த்தால் போகிறவர்கள் முகம் தெரியும். இப்போது முழங்கால் தெரிகிறது. செருப்பை வைத்து இன்னார் என்று அடையாளம் சொல்ல என் தாயார் பழகிவிட்டார். விடியற்காலையில் மாவுக் கிண்ணத்தோடு மேலே ஏறிப் போய்க் கோலம் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வருகிறார்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும், தெரு மட்டம் உயரக் கூடாது என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்திலேயே அறிவுறுத்தினார். ‘சுரண்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் சம்பந்தப்பட்ட எல்லோரும் உற்சாகமாகத்தான் கிளம்பினார்கள். எதைச் சுரண்டுவது என்பதில் மட்டும் சின்னக் குழப்பம் நேர்ந்துவிட்டது.

எங்கள் தெருவுக்கு மில்லிங் மிஷின் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது. தெருமுனையில் ஒரு பத்தடி நீளத்துக்குச் சுரண்டியது. கையில் போனோடு ஒருவர் குனிந்தும் நிமிர்ந்தும் நாலைந்து படம் எடுத்தார். அதோடு மிஷின் லாரியில் ஏறிவிட்டது. “மீதித் தெரு?” என்றேன். “சந்து குறுகல் சார், மிஷின் திரும்பாது” என்றார். அந்தக் குறுகல் சந்தில்தான் அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு மேல் தார் லாரியும் பேவரும் ரோலரும் ஊர்வலம் வந்தன. அவை மட்டும் எப்படித் திரும்பின என்பது திருவிளையாடல்.

தார்க் கலவை பிளான்ட்டில் 150 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். தெருவில் கொட்டிப் பரப்பி, சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும். அன்று வந்த லாரி எங்கேயோ டீ குடித்துவிட்டு, இன்னொரு தெருவில் மீதியைக் கொட்டிவிட்டு, ஆடி அசைந்து வந்தது. கலவையிலிருந்து ஆவிகூட எழவில்லை. கூட்டிப் பெருக்காத மண் மேலேயே, பிடிப்புக்கு அடிக்க வேண்டிய தாரைக் கோயிலில் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி தெளித்துவிட்டு அதைப் பரப்பினார்கள். மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டுப் பையன் செருப்பு நுனியால் நெம்பினான். வெந்தும் வேகாத தோசை மாதிரி ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அடியில் பழைய ரோடு, பழைய விரிசல், பழைய மண், எல்லாம் சௌக்கியமாக இருந்தன.

தார் ரோட்டுக்கு எமன் தண்ணீர். மயிரிழை விரிசலில் இறங்கி, அடியில் இருக்கும் ஜல்லியை நெகிழ்த்தி, மேலே ஒரு பஸ் போனதும் பள்ளமாக வாய் பிளக்கும். ஆகவே விரிசல் விட்ட புதிதிலேயே அதை அடைத்து, மேலே மெல்லிசாக ஒரு சீல் கோட் கொடுக்க வேண்டும். தாரைத் தெளித்துப் பொடி ஜல்லி தூவி உருட்டுவது ஒரு வகை. மைக்ரோ சர்ஃபேசிங் இன்னொரு வகை: தார்க் குழம்பு, பொடிக்கல், கொஞ்சம் சிமென்ட். அடுப்பு வேண்டாம், புகை வேண்டாம், ஓரிரண்டு மணி நேரத்தில் வண்டி விடலாம். கனம் 4 முதல் 8 மில்லிமீட்டர்தான். வாசற்படிக்கு வலிக்காது. அடித்தளமே சொதசொதத்துப் போன தெருவுக்கு இது உதவாது, அதைத் தோண்டித்தான் போட வேண்டும். ஆனால் புறநகரின் பல உள்தெருக்களுக்குக் காலாகாலத்தில் இந்தப் பூச்சே போதும்.

போதும் என்றால் யாருக்குப் போதும்? 6 மில்லிமீட்டரை எத்தனை பேர் பங்கு போட முடியும்? கனம் குறைந்தால் எஸ்டிமேட் குறையும். எஸ்டிமேட் குறைந்தால் டெண்டருக்கு மரியாதை போய்விடும். வெள்ளைச் சட்டைகள் வந்து தேங்காய் உடைத்துப் பூஜை போட ஒரு பூச்சு வேலை தகுமா? பல்லில் சொத்தை விழுந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து அடைப்பார் பல் டாக்டர். எங்கள் தெரு டாக்டர்களோ சொத்தைப் பல்லைத் தொடாமல், அதன் மேலேயே ஒரு முழுப் பல்செட்டை மாட்டி, பில்லையும் வாயில் திணிக்கிறார்கள். கீழே உள்ள விரிசல் அடுத்த மழைக்குள் மேலே எட்டிப் பார்க்கிறது. அதற்கு மேல் இன்னொரு செட். எந்தத் தெருவுக்கு எந்த வைத்தியம் என்பதை ரோட்டின் நோய் தீர்மானிப்பதில்லை, பில்லின் பசி தீர்மானிக்கிறது.

அறிவுக்கா இந்த நாட்டில் பஞ்சம்? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், குப்பைப் பிளாஸ்டிக்கை ஜல்லியோடு சேர்த்து ரோடு போடக் கற்றுக்கொடுத்தார். சென்னை ஜம்புலிங்கம் தெருவில் 2002-இலேயே அப்படிப் போட்டுப் பார்த்தார்கள். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். விருதைக் கொடுத்த கையோடு நாம் பழைய தோசைக்கே திரும்பிவிட்டோம்.

தெரு உயர உயர, பாதாளச் சாக்கடையின் மூடி நிஜமாகவே பாதாளத்துக்குப் போய்விட்டது. மழைநீர் வடிகாலின் வாயைத் தார் அடைத்துக்கொண்டது. நகராமல் நின்றால் நம்மையும் சேர்த்து மூடிவிடுவார்கள் என்பது வேடிக்கைப் பேச்சு இல்லை. 2022-இல் வேலூரில், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் சக்கரங்களோடு சேர்த்தே கான்கிரீட் ரோடு போட்டதை நாடே பார்த்துச் சிரித்தது. அந்த வண்டிக்காரர் சிரித்திருப்பாரா?

எங்கள் பக்கம் ரோடு வேலையெல்லாம் நடப்பது செப்டம்பரில். ஆறு மாதம் வெயில் காயும்போது ஃபைல் தூங்கும். வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்த பிறகு ரோலர் விழித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் தார் போட்ட பதினோராம் நாள் குடிநீர்க் குழாய் போடுகிறவர்கள் ஜேசிபியோடு வந்தார்கள். குழாய் விஷயம் ரோடு போட்டவருக்குத் தெரியாது, ரோடு போட்ட விஷயம் குழாய்க்காரருக்குத் தெரியாது. இருவரும் அடுத்தடுத்த அறையில் ஒரே ஃபேன் காற்று வாங்குகிறவர்கள்.

அந்த வருடம் ஐப்பசியில், தெருவில் விழுந்த மழை முழுக்க எங்கள் ஹாலுக்கு வந்தது. நிலைவாசலில் மணல் மூட்டை அடுக்கினோம். தண்ணீர் குளியலறை வழியாக எழுந்தருளியது. என் தாயாரைக் கட்டிலோடு தூக்கிச் செங்கல் மேல் வைத்தோம். புகார் கொடுத்தேன். “தங்கள் தெருவில் மில்லிங் செய்யப்பட்டுச் சாலை அமைக்கப்பட்டுள்ளது” என்று பதில் வந்தது. இணைப்பு: போட்டோ ஒன்று. அந்தப் பத்தடி.

போன மாதம் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிற மேஸ்திரியைக் கூப்பிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்தார், அஸ்திவாரம் பார்த்தார், வெளியே ஏறி நின்று தெருவையும் பார்த்தார்.

“எத்தனை அடி தூக்கணும் சார்? மூணா, நாலா?”

“அடுத்த டெண்டர் எப்போனு தெரிஞ்சா சொல்லலாம்.”

அவர் சிரிக்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “அஞ்சாப் போட்டுடலாம் சார். பக்கத்துத் தெருவுல போன வருஷம் மூணடி தூக்கிக் கொடுத்தேன். இப்ப மறுபடி கூப்பிடறாங்க.”