சென்டம் கேஸ்

டீக்கடையில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். டீ வரும்வரை மற்றவர்கள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் எதிரே இருக்கிற நகைக்கடையின் போர்டில் இணைய முகவரியைத் தேடிப் பிடித்து, சைட்டின் வேகத்துக்கு மார்க் போடும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். சிவப்பு வட்டத்தில் 38 என்று வந்ததும் முகத்தில் அப்படியொரு பிரகாசம். “பாத்தீங்களா சார், இத்தனை கோடி போட்டு ஏசி ஷோரூம். சைட்டு ஃபெயிலு!”

கூகுளின் திருத்தம் கறாரானதுதான். 49 வரை சிவப்பு, 50இலிருந்து 89 வரை ஆரஞ்சு, 90 தொட்டால்தான் பச்சை. 35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்த நமக்கு இதுவே மலைப்பாக இருக்கும். நம்மவருக்குப் பச்சையும் போதாது. பிளஸ் டூ கணக்கில் 200க்கு 199 வாங்கி, போன அந்த ஒரு மார்க்கை இன்னமும் தேடிக்கொண்டிருக்கிற ஜாதி அவர். சென்டம்தான் வேண்டும்.

இவரிடம் பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்யாண மண்டபக்காரர் ஒருவர் மாட்டினார். மண்டபத்தின் சைட்டுக்கு மொபைலில் 27. முகப்பிலேயே நாற்பது போட்டோ, ஒவ்வொன்றும் போட்டோகிராபர் கேமராவிலிருந்து இறக்கியபடியே ஆறேழு எம்.பி. அதற்கு மேல், தானாக ஓடும் ஸ்லைடர். போதாக்குறைக்கு, கேட்காமலே கிளம்பும் நாதஸ்வரம்.

“என்ற போன்ல டக்குனு வருதே தம்பி?” என்றார் மண்டபக்காரர்.

“உங்க போன்ல தினமும் பாக்கறீங்கண்ணா, படமெல்லாம் உள்ளயே தங்கிருச்சு. கூகுளு சுமாரான மோட்டோ போன் ஒண்ணு இருக்கற மாதிரி வெச்சு, அதோட வேகத்தையும் கட்டிப்போட்டு, 1.6 எம்பிபிஎஸ் நெட்டுல சோதிக்குது. பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு மண்டபம் தேடறாரே பொண்ணோட மாமா, அவரு கையில இருக்கற போனுங்க அது.”

இந்த இடத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். போட்டோக்களைப் போன் திரை அளவுக்குச் சுருக்கி வெப்பி வடிவத்துக்கு மாற்றினார். கீழே இருக்கிற படங்கள், அந்த இடத்துக்கு ஆள் வந்த பிறகே இறங்கும்படி செய்தார். நாதஸ்வரத்தை நிறுத்தினார். ஒவ்வொரு படத்துக்கும் நீள அகலம் எழுதி முன்கூட்டியே இடம் ஒதுக்கினார். அதுவரை, போன் நம்பரைத் தொடப் போகிற நேரத்தில் மேலே ஒரு போட்டோ வந்து விழும், நம்பர் கீழே இறங்கும், விரல் “சமையற்கூடம்” என்கிற இடத்தில் போய்ப் படும். அந்த அவஸ்தை ஒழிந்தது. மதிப்பெண் 91. சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம் அதுதான்.

போகவில்லை. மீதி 9 மார்க் இருக்கிறதே!

மேலே போகப் போக மார்க் ஏறுவது கஷ்டம் என்று அந்தக் கருவியின் கையேடே சொல்கிறது. 90இலிருந்து 94க்குப் போக எவ்வளவு முன்னேற்றம் தேவையோ, கிட்டத்தட்ட அவ்வளவு தேவை 99இலிருந்து 100க்குப் போக. இது அவருக்கு மனப்பாடம். எச்சரிக்கையாக எழுதிவைத்ததை அவர் சவாலாகப் படித்துக்கொண்டார். மண்டபத்துக்கு வழி காட்டும் கூகுள் மேப் முதலில் போயிற்று. அதன் நிரல் ஓடும்போது போன் திணறுகிறதாம், அந்தத் திணறலுக்கு மட்டும் 100இல் 30 மார்க். அடுத்து வாட்ஸ்அப் பட்டன் போயிற்று. ஆசை ஆசையாய்ப் போட்ட தமிழ் எழுத்துரு போயிற்று. பந்தி ஹால் போட்டோ, மணமகள் அறை போட்டோ, கடைசியாக மேடை போட்டோ. சைட்டில் மிச்சம் இருந்தது மண்டபத்தின் பெயர், ஒரு பிள்ளையார், ஒரு போன் நம்பர்.

நடுவே இன்னொரு கூத்து. ஒரே பக்கத்தை ஐந்து முறை சோதித்தால் 96, 98, 95 என்று மாறி மாறி வருவது சகஜம். இவருக்கு அது தாங்காது. விடிகாலையில் நெட் நன்றாக இருக்கும் என்று போனும் கையுமாக மொட்டை மாடிக்கு ஏறுவார். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் சோதனை நடப்பது கூகுளின் சர்வரில், இவர் வீட்டு மாடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஏறுவார்.

ஒருநாள் ராத்திரி குரோமுக்குள் இருக்கும் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவியில், வேக மார்க்கோடு சேர்த்து நாலு வட்டமும் 100 காட்டின. அப்படி வந்தால் அறிக்கையின் மேல் வாணவேடிக்கை வெடிக்கும்படி அதைச் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் இந்த மாதிரி ஆட்களை நினைத்துப் பார்த்திருக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஏறியது. நாலில் ஒன்று தேடலுக்கான எஸ்இஓ வட்டம் என்பதால், “இனி கூகுள்ல நாமதாண்ணா ஃபர்ஸ்ட்” என்று தனியாக ஒரு செய்தியும் போயிற்று. அந்த வட்டம் பார்ப்பது பக்கத்துக்குத் தலைப்பு இருக்கிறதா, விவரக்குறிப்பு இருக்கிறதா, கூகுள் உள்ளே வரத் தடை ஏதும் இல்லையே என்பது மாதிரி ஹால் டிக்கெட் சமாச்சாரங்களை மட்டும்.

மறுநாள் காலையிலேயே மண்டபக்காரர் கூப்பிட்டார். “தேடிப் பாத்தனுங்க தம்பி. பழையபடி மில் ரோட்டுக்காரன் மண்டபந்தான் மேல நிக்குது.”

மில் ரோட்டு மண்டபத்தின் மார்க் 44. நம்மவருக்கு ஒரு வாரம் தூக்கமில்லை.

வேகத்தைத் தரவரிசையில் சேர்த்துக்கொள்வதாக 2010இல் கூகுள் அறிவித்தது உண்மை. 2018 ஜூலையில் மொபைல் தேடலுக்கும் அது வந்தது. அப்போதே, மகா மந்தமான பக்கங்கள்தான் அடிவாங்கும் என்று சொல்லிவிட்டார்கள். இவர் வாங்கிய 100 என்பது மாடல் எக்ஸாம். பப்ளிக் வேறே நடக்கிறது. குரோமில் சைட்டுக்கு நிஜமாக வந்துபோன ஜனங்களின் 28 நாள் அனுபவம்தான் அந்த விடைத்தாள். திரையின் பெரிய சங்கதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும், வந்த எழுத்து துள்ளிக் குதிக்கக் கூடாது. நாலில் மூன்று வருகைக்கு இப்படி அமைந்தால் பாஸ். அதிலும் பாஸா, ஃபெயிலா என்பதுதான் பேச்சு, சென்டத்துக்குத் தனிப் பரிசு கிடையாது. தேடியவருக்கு வேண்டிய விஷயம் இருந்தால் பக்கம் சுமாராக இருந்தாலும் மேலே காட்டுவோம் என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. மேப்போடு வரும் உள்ளூர்ப் பட்டியலுக்கோ பொருத்தம், தூரம், பிரபலம் என்று மூன்று கணக்கு. மில் ரோட்டுக்காரர் சைட்டைத் திறந்தே வருஷக்கணக்காகியிருக்கும். அவருடைய மண்டபத்தைப் பற்றிப் பார்க்கிங் எத்தனை கார், பந்திக்கு எத்தனை பேர், ஜெனரேட்டர் உண்டா என்று ஊரே ரிவ்யூ எழுதி வைத்திருக்கிறது.

“சரிங்க, அந்த பப்ளிக்குல நம்ம மார்க் என்ன?” என்று நான் கேட்டேன்.

போனைத் திருப்பிக் காட்டினார். தரவு இல்லை என்றிருந்தது. கணக்குப் போடுகிற அளவுக்கு அந்த சைட்டுக்கு யாரும் வரவில்லை.

“ரிசல்ட் இன்னும் வரலீங்க” என்றார், சற்றும் அசராமல்.

அந்த நேரம் பார்த்து மண்டபக்காரரின் மனைவியிடமிருந்து போன். மேடை எப்படி இருக்கும் என்று பெண் வீட்டார் கேட்கிறார்களாம். சைட்டில் தேடினார்களாம், பிள்ளையார்தான் வருகிறாராம். அந்த போட்டோவைத் திரும்ப ஏற்றிவிட முடியுமா என்று கேட்டார்.

“அய்யோ, சைட்டுல வேண்டாங்கக்கா! அவிங்க நம்பரைக் குடுங்க, நானே வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்.”