சலவைத்தூள் துகள்

கேள்வி: ஆக்சியானை யாரும் கண்டதில்லையே, ஏன் தேடுகிறார்கள்?

பதில்: நியூட்ரானுக்குள் நேர், எதிர் மின்னேற்றங்கள் சற்று விலகி நிற்க வலுவிசைக் கோட்பாடு அனுமதிக்கிறது. அளந்தவரை விலகலே இல்லை. விலகலின் அளவைத் தீர்மானிக்கும், கோட்பாட்டிலுள்ள கோணம் ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு பங்கைத் தாண்டாது. 'தற்செயல்' எனலாம், பென்சில் முனையில் தானே நிற்கும் என்று நம்புகிறவருக்கு அது போதும். 1977-இல் இயற்பியலாளர்கள் பெச்செயும் குவின்னும் அந்தக் கோணத்தையே ஒரு புலமாக்கினார்கள். அதற்குரிய சமச்சீர் முறிந்தபின் அந்தப் புலம் உருண்டு பூஜ்யத்தில் அமர்ந்துவிடும். புலத்தின் அதிர்வே ஆக்சியான். கோட்பாட்டின் கறையை நீக்கியதால் இயற்பியலாளர் வில்செக் சலவைத்தூளின் பெயரையே வைத்தார்! முதலில் முன்மொழியப்பட்ட கனமான ஆக்சியான் சோதனையில் தோற்றது உண்மைதான். மிக இலேசானது தோற்கவில்லை. அது கரும்பொருளாகவும் இருக்கலாம். அதைப் பிடிக்க, சியாட்டிலில் காந்தப்புலத்துக்குள் நுண்ணலைப் பெட்டியை வைத்து, வானொலி நிலையம் தேடுவதுபோல் திருகுகிறார்கள். பாட்டு வரவில்லை என்று இப்போதே ரேடியோவைத் தட்டாதீர்கள். முள் இன்னும் கொஞ்ச தூரமே நகர்ந்திருக்கிறது.